ரேட்டிங் 3, ஹைக் 4 சதவீதம்: அப்ரைசல் முடிந்ததும் கேட்கப்படும் கேள்விகள்

ஆபீஸ் அப்ரைசலில், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டில், ஒன்பது வருடம் ரேட்டிங் வாங்கியிருக்கிறேன் (5-தான் உச்சம்). அதன் பிறகு ஐந்து வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாங்கிய காலத்தில் மேனேஜர்கள் மீது இருந்த கோபம், போட ஆரம்பித்த பிறகு எக்செல் ஷீட் மீது திரும்பிவிட்டது. அப்ரைசல் கடிதம் வரும் வாரத்தில் என்னைத் தேடி வரும் கேள்விகள் வருடா வருடம் ஒன்றேதான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாக் கம்பெனிக்கும் எல்லாம் பொருந்தாது. உங்களுக்கு ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வருடம் முழுக்க மேனேஜர் "சூப்பர், சூப்பர்" என்றார். கடைசியில் 3 வந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது?

கேலிபரேஷன் நடந்தது: எல்லா மேனேஜர்களும் போட்ட ரேட்டிங்குகளை ஒன்றாக வைத்துச் சரிக்கட்டும் கூட்டம். சில இடங்களில் நார்மலைசேஷன் என்பார்கள். உங்கள் மேனேஜர் உங்களுக்கு 4 போட்டே அனுப்பியிருக்கலாம். அவர் போடுவது முன்மொழிவு மட்டும்தான். முடிவு வேறோர் அறையில் ஆகிறது.

நான் முதன்முதலில் உட்கார்ந்த கேலிபரேஷன் மீட்டிங் நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மேனேஜர்கள், ஒரு டைரக்டர், எச்.ஆரிலிருந்து ஒருவர். சுவரில் எக்செல் ஷீட், அதில் 54 பெயர்கள். 4-ம் 5-ம் சேர்த்து 13 பேரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேல் மூலையில் ஒரு கட்டம் சிவப்பாகிவிடும். நாங்கள் கொண்டுவந்த பட்டியல்களைச் சேர்த்தபோது 21 காட்டியது. எட்டுப் பேரை இறக்கியாக வேண்டும்.

முதல் நான்கு பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் விவாதம் நடந்தது. மதியம் நெருங்க நெருங்க ஒரு பெயருக்கு ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. "என்ன பண்ணாங்க, ஒரு வரியில சொல்லுங்க" என்றார் டைரக்டர். என் டீமில் ஒரு பெண்ணைப் பற்றி நான் சொன்ன ஒரு வரி: "ரொம்ப நல்லா பண்றாங்க சார், ரொம்ப டிபென்டபிள்." பக்கத்து மேனேஜர் தன் ஆளுக்குச் சொன்னது: "பில்லிங்ல மாசம் 40 தப்பு வந்துட்டு இருந்தது, இப்ப 6. கிளையன்ட் மெயில் இருக்கு." அவருடைய ஆள் 4-லேயே நின்றார். என் டீம் பெண் 3-க்கு இறங்கினார். கட்டம் பச்சையானது. எல்லோரும் சாப்பிடப் போனோம்.

அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. என் வாயில் ஒரு உருப்படியான வாக்கியம் இல்லை, அவ்வளவுதான். கீழே நான் சொல்லப்போகும் பாதி விஷயம், அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் மேனேஜர் கையில் நேரத்தோடு கொடுப்பது பற்றியதுதான்.

அப்படியென்றால் பெல் கர்வ்தான் வில்லனா? அது எங்கிருந்து வந்தது?

ஆட்களை வரிசைப்படுத்தி, இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று கட்டாயமாகப் பிரிக்கும் இந்த பெல் கர்வ் வழக்கம் பரவியதில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக் கணிசமான பங்கு உண்டு. 1981 முதல் 2001 வரை அதன் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை 20-70-10 என்று பிரித்தார். மேல் 20 சதவீதத்துக்கு வெகுமதி, கீழ் 10 சதவீதத்துக்கு வாசல். மற்ற கம்பெனிகள் பார்த்துக் கற்றுக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் பல வருடம் இந்த மாதிரி முறையை வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது. அடோபி 2012-லேயே ஆண்டு அப்ரைசல் என்பதையே எடுத்துவிட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிற்பாடு விட்டுவிட்டது. பற்றவைத்த வீட்டில் அணைந்துபோன அடுப்பு மற்ற வீடுகளில் இன்னும் எரிகிறது.

கணக்கிலேயே கோளாறு இருக்கிறது. எந்த வடிகட்டலும் இல்லாமல் ஒரு பெருங்கூட்டத்தின் உயரத்தை அளந்தால் மணி வடிவ வளைவு, அதாவது பெல் கர்வ், வரும்: நடுவில் பெருங்கூட்டம், இரண்டு ஓரத்திலும் சிலர். உங்கள் டீம் அப்படி வந்த கூட்டமா? ரெஸ்யூமே பார்த்து, மூன்று சுற்று இன்டர்வியூ வைத்துப் பொறுக்கி எடுத்த எட்டுப் பேர். எட்டுப் பேரில் 10 சதவீதம் என்றால் 0.8 ஆள். அந்த முக்கால் ஆளைத் தேடித்தான் மேனேஜர்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2012-இல் எர்னஸ்ட் ஓபாயில், ஹெர்மன் அகினிஸ் இருவரும் ஆராய்ச்சியாளர்கள், கலைஞர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்கள் என்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் செயல்திறனை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் மணி வடிவம் வரவே இல்லை. மிகச் சிலர் மலைபோல் குவித்திருந்தார்கள், மீதிப் பேர் சராசரிக்குக் கீழே ஒரே கூட்டமாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இவருக்கு 3, அவருக்கு 2 என்று கோடு கிழிப்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது.

"எங்கள் கம்பெனியில் பெல் கர்வே இல்லை" என்று எச்.ஆர். சொல்கிறாரே?

ஹைக்குக்கு, அதாவது சம்பள உயர்வுக்கு, பட்ஜெட் இருக்கிறதல்லவா? அப்படியானால் வளைவும் இருக்கிறது. பெயரைத்தான் எடுத்துவிட்டார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

மேனேஜருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இருக்கலாம். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு வைப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பகையே இல்லாத இடத்திலும் ரேட்டிங் கோணலாகத்தான் விழும்.

இது பழைய சங்கதி. 1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். மிடுக்காக நின்றவர் புத்திசாலியாகவும் தெரிந்தார். ஒளிவட்ட விளைவு என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

2000-இல் ஸ்கல்லன், மவுன்ட், கோஃப் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கசப்பானது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, ஒவ்வொருவரையும் இரண்டு மேலதிகாரிகள், இரண்டு சகாக்கள், அவருக்குக் கீழே வேலை செய்யும் இரண்டு பேர் மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பெண்களில் இருந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல், போட்டவரின் சொந்தப் பாணியிலிருந்து வந்தது. உங்கள் 3, உங்களைக் காட்டுவதைவிடப் போட்டவரை அதிகம் காட்டுகிறது. கை தாராளமான ஒருவரிடமிருந்து கறாரான ஒருவரிடம் மாற்றலான வருடம், ஒரே ஆளின் ரேட்டிங் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஞாபகம். கடைசி இரண்டு மாதம் நடந்தது மட்டும்தான் மேனேஜர் மனதில் பளிச்சென்று இருக்கும். மார்ச்சில் நீங்கள் காப்பாற்றிய ப்ராஜெக்ட் டிசம்பரில் யாருக்கும் நினைவில்லை. டிசம்பரில் தாமதமான ஒரே ஒரு மெயில் நினைவிருக்கும்.

போன வருடம் 4. இந்த வருடம் அதே வேலை, அதே உழைப்பு, 3. எங்கே சறுக்கினேன்?

சறுக்காமலேயே இருந்திருக்கலாம். எட்வர்ட்ஸ் டெமிங் என்ற தர மேலாண்மை அறிஞர் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பாத்திரம் நிறைய மணிகள், ஐந்தில் நான்கு வெள்ளை, ஒன்று சிவப்பு. 50 குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு பழுது. பார்வையாளர்களிலிருந்து சிலரைத் தொழிலாளிகளாக அழைப்பார். சராசரியாக 10 சிவப்பு வரும். ஆனால் ஒருவருக்கு 6, இன்னொருவருக்கு 14 என்றும் தற்செயலாகவே வரும். டெமிங் முகத்தில் சிரிப்பே இல்லாமல் 6 எடுத்தவரைப் பாராட்டுவார், 14 எடுத்தவரைக் கண்டிப்பார். அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்கு 12 வரும். "என்னாச்சு, மெத்தனம் வந்துவிட்டதா?" என்ற தோரணையில் அவரைப் பார்ப்பார். கடைசியில் மோசமான சிலரை வேலையை விட்டு அனுப்புவார். இத்தனைக்கும் யாரும் எதையும் கூடவோ குறையவோ செய்யவில்லை. சிவப்பு மணியைப் பாத்திரத்தில் போட்டது நிர்வாகம்.

உங்களுக்கு இந்த வருடம் கிடைத்த கிளையன்ட், பாதியில் நின்ற ப்ராஜெக்ட், நடுவில் மாறிய மேனேஜர் எல்லாம் அந்தப் பாத்திரத்து மணிகள்தான். ஆண்டு மதிப்பீட்டு முறையையே டெமிங் கடுமையாக எதிர்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ரேட்டிங் 4 வந்துவிட்டது. ஆனாலும் ஹைக் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஏன்?

ரேட்டிங்கிலிருந்துதான் ஹைக் பிறக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு தனித்தனி மேசையில் முடிவாகின்றன. ஹைக் பட்ஜெட், உங்கள் ரேட்டிங் போடப்படுவதற்குப் பல வாரம் முன்பே முடிவாகியிருக்கும்.

சின்னக் கணக்கு. பத்துப் பேர் டீம், எல்லோருக்கும் சம்பளம் 100. பட்ஜெட் 6 சதவீதம், அதாவது மொத்தம் 60. இரண்டு பேருக்கு 10 கொடுத்தால் 20 போய்விட்டது. மீதி எட்டுப் பேருக்கு ஆளுக்கு 5. அந்த எட்டில் ஒருவருக்கு 8 கொடுக்க நினைத்தால் அந்த 3 இன்னொருவர் தட்டிலிருந்துதான் வர வேண்டும். மேனேஜர் "என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லும்போது பாதி உண்மை சொல்கிறார். எப்படிப் பங்கு பிரிப்பது என்பது அவர் கையில் இருந்தது.

பெரிய கம்பெனிகளில் இன்னொரு அட்டவணையும் உண்டு. ஒவ்வொரு பதவி நிலைக்கும் (பேண்ட் என்பார்கள்) ஒரு சம்பள வரம்பு, அதற்கு ஒரு நடுப்புள்ளி. நடுப்புள்ளி 100 என்று வையுங்கள். நீங்கள் 112-இல் இருக்கிறீர்கள், உங்கள் நண்பர் 85-இல். இருவருக்கும் ரேட்டிங் 4. அட்டவணைப்படி அவருக்கு 9 சதவீதம், உங்களுக்கு 5 என்று வரலாம். அவர் 92.65 ஆகிறார், நீங்கள் 117.6. சதவீதத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்கு அநியாயம் நடந்த மாதிரி இருக்கும். ஆகவே எச்.ஆரிடம் "எனக்கு ஏன் 5?" என்று கேட்காதீர்கள். "என் பேண்டின் வரம்பில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பூசி மெழுகிய பதில் வரும். இரண்டாவதற்கு ஓர் எண் வரும், அல்லது அந்த எண்ணைத் தர மறுப்பார்கள். மறுப்பும் ஒரு தகவல்தான். வரம்பின் உச்சியில் இருப்பவருக்கு இனி ஹைக்கில் ஒன்றும் பெரிதாக வராது. அவர் கேட்க வேண்டியது ப்ரமோஷன்.

4 சதவீதமாவது வந்ததே என்று சந்தோஷப்படலாமா?

விலைவாசியோடு வைத்துப் பாருங்கள். விலைகள் 6 சதவீதம் ஏறிய வருடத்தில் 4 சதவீத ஹைக் வந்தால், 100 என்ற சம்பளம் 104 ஆகிறது. போன வருடம் 100 கொடுத்து வாங்கியதற்கு இப்போது 106 வேண்டும். 104-ஐ 106-ஆல் வகுத்தால் 0.981. வாழ்த்துக் கடிதத்தோடு வந்த 2 சதவீதச் சம்பளக் குறைப்பு.

இதற்கு நேர்மாறான கணக்கும் இருக்கிறது. வருடத்துக்கு 3 சதவீத வித்தியாசம் கையில் வரும்போது ஒன்றுமில்லை போலத் தெரியும். பத்து வருடத்தில் 5 சதவீதக்காரரின் 100, 163 ஆகும். 8 சதவீதக்காரரின் 100, 216. "சின்ன வித்தியாசம்தானே, விடு" என்று சொல்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கடிதத்தில் இருக்கும் சதவீதம் எதன் மேல் என்பதையும் பார்த்துவிடுங்கள். சிடிசி (கம்பெனி உங்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) ஏறியிருக்கும், ஏறியதில் பெரும்பகுதி வேரியபிள் பேயில் (நிச்சயமில்லாமல் கூடிக் குறையும் பகுதியில்) போயிருக்கும், டேக் ஹோம் (மாதம் கைக்கு வருவது) பெரிதாக அசைந்திருக்காது.

நேற்று சேர்ந்தவர் என்னைவிட அதிகம் வாங்குகிறார். நான்தான் அவருக்கு வேலை சொல்லித் தருகிறேன்.

உள்ளூர் மாடு விலை போகாது. புதிதாக எடுப்பவருக்குச் சந்தை விலை, இருப்பவருக்கு ஹைக் பட்ஜெட். இரண்டும் வேறு வேறு கஜானா. சந்தை வேகமாக ஏறும் வருடங்களில் இந்த இடைவெளி அகலமாகும்.

அவர் சம்பளத்தை ஆதாரமாக வைத்துப் பேசாதீர்கள். "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இதே வேலைக்கு, இதே அனுபவத்துக்கு இப்போது கம்பெனியே வெளியிடும் வேலை விளம்பரங்களில், ரெக்ரூட்டர்கள் சொல்லும் தொகையில் என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கமான ஹைக்குக்கு வெளியே சம்பளத் திருத்தம் என்று ஒரு வழி பல கம்பெனிகளில் இருக்கிறது. கேட்காதவருக்கு அது இருப்பதே தெரியாது.

செல்ஃப் அப்ரைசலில் எதையாவது எழுதினால் யாராவது படிக்கிறார்களா?

முழுதாகப் படிப்பதில்லை. ஆனால் மேனேஜர் கேலிபரேஷனுக்குப் போகும் முன் அதிலிருந்து இரண்டு வரியை வெட்டி ஒட்டுகிறார். வெட்டி ஒட்ட லாயக்கான இரண்டு வரி அதில் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் எனக்கு வருவது இப்படி இருக்கும்: "கிளையன்ட் ரிப்போர்ட்டுகளைக் குறித்த நேரத்தில் கொடுத்தேன். டீமுக்கு உதவியாக இருந்தேன். புதியவற்றைக் கற்றுக்கொண்டேன்." இதில் வெட்ட ஒன்றுமில்லை. இதே ஆளை உட்காரவைத்துக் கேட்டு எழுதியது: "மாதக் கடைசி ரிப்போர்ட் தயாராக 3 நாள் ஆகிக்கொண்டிருந்தது. ஜூனில் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஜூலையிலிருந்து 4 மணி நேரத்தில் முடிகிறது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் 5 முறை தாமதமானது, பிந்தைய ஆறு மாதத்தில் ஒரு முறைகூட இல்லை. இப்போது டீமில் இன்னும் மூன்று பேர் இதே ஸ்கிரிப்டை ஓட்டுகிறார்கள்." வேலை ஒன்றுதான். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, யாருக்குப் பயன் என்பது மட்டும் சேர்ந்திருக்கிறது.

இதை வருடக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் வராது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிடம், ஒரு ஃபைல், தேதி போட்டு இரண்டு வரி. ஆபீஸ் மெயில்களைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வேர்டு செய்து சேர்க்காதீர்கள். பாராட்டு மெயிலாகவே இருந்தாலும் அது கம்பெனித் தகவல், வேலைக்கே உலை வைத்துவிடும்.

இன்னொன்று: அப்ரைசலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மேனேஜரிடம், "இந்த வருஷம் எனக்கு 4-க்குப் பேசறீங்கன்னா எதைச் சொல்லிப் பேசுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். அவர் தடுமாறினால், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கடிதம் வந்த பிறகு இதே கேள்வியைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

மீட்டிங்கில் பேசிப் பேசியே ஒருவன் 5 வாங்குகிறான். தீயணைக்கிறவனுக்கு மாலை, தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறவனை யாருக்கும் தெரிவதில்லை.

இந்தப் புகாரில் எனக்குப் பரிபூரண சம்மதம். நின்றுபோன சர்வரை இரவு இரண்டு மணிக்கு எழுப்பியவர் பெயர் எல்லா மெயிலிலும் வரும். வருடம் முழுக்க நிற்காமல் பார்த்துக்கொண்டவர் பெயர் எதிலும் வராது. நடக்காத விபத்துக்கு ஃபோட்டோ கிடையாது.

ஒரே வழி, நடக்காததை எண்ணிக் காட்டுவது. "போன வருடம் 11 முறை நின்றது, இந்த வருடம் 2 முறை." டம்பம் அடிக்கத் தெரியாதவர்களுக்கும் எண்ணத் தெரியும். மேனேஜருக்கு மாதம் ஒரு முறை ஐந்து வரி மெயில் போடுவது தற்பெருமை ஆகாது. அதுவும் வேலையில் ஒரு பகுதி என்று பழகிக்கொள்ளுங்கள்.

அப்ரைசல் மீட்டிங்கில் எண்ணைக் கேட்டதும் தொண்டை அடைத்துவிட்டது. என்ன பேசியிருக்க வேண்டும்?

அன்றைக்கு ஒன்றும் பேச வேண்டாம். "கேட்டுக்கிட்டேன். யோசிச்சு ரெண்டு நாள்ல பேசறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். கோபத்தில் சொன்ன வாக்கியம்தான் ஊர் முழுக்கச் சுற்றும்.

இரண்டாவது சந்திப்பில் அடுத்தவர் பெயரை இழுக்காதீர்கள். கேட்க வேண்டியது இரண்டு. எந்த எதிர்பார்ப்பை நான் எட்டவில்லை, ஓர் உதாரணம் சொல்லுங்கள். அடுத்த முறை 4 வர என்ன கண்ணுக்குத் தெரிய வேண்டும், எந்தத் தேதிக்குள்? "இன்னும் கொஞ்சம் ஓனர்ஷிப் எடுங்க" என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்த வேலையில், எப்படி எடுத்தால் அது ஓனர்ஷிப் என்று கேளுங்கள். பேசி முடித்த அன்றே "நாம் பேசிக்கொண்டது இது" என்று நான்கு வரி மெயில். அடுத்த வருடம் மேனேஜர் மாறினாலும் அந்த மெயில் மாறாது.

சிஸ்டத்தில் "ஏற்கிறேன்" பட்டனை அழுத்தலாமா?

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பல இடங்களில் அது "பெற்றுக்கொண்டேன்" என்ற பொருளில்தான் இருக்கும். கமென்ட் பெட்டி இருந்தால் எங்கே உடன்படவில்லை என்று இரண்டு வரி, வசவு இல்லாமல் எழுதிவிட்டு அழுத்துங்கள்.

எச்.ஆரிடம் போனால் நியாயம் கிடைக்குமா?

ரேட்டிங்கை மாற்றித் தருவார்கள் என்று போனால் ஏமாற்றம்தான். ஆனால் முறை மீறல் இருந்தால் போங்கள். மூன்று மாதம் முன்பு வந்த மேனேஜர், பழையவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முழு வருடத்துக்கும் போட்டது, இலக்கையே சொல்லாமல் இலக்கை எட்டவில்லை என்றது போன்றவற்றுக்கு எச்.ஆரால் காது கொடுக்காமல் இருக்க முடியாது. "நான் நல்லா வேலை செஞ்சேன்" என்பது கருத்து. "இலக்கு மாறியது எனக்கு அக்டோபரில்தான் தெரிவிக்கப்பட்டது" என்பது பதிவு.

பிரசவ விடுப்பில் ஆறு மாதம் இருந்தேன். "இந்த வருஷம் விசிபிலிட்டி கம்மி" என்று 2 போட்டுவிட்டார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை, பொறுத்துப் போகவும் வேண்டாம். வேலை செய்த மாதங்களுக்குத்தான் மதிப்பீடு. விடுப்பைக் காரணம் காட்டிக் குறைப்பது பல நாடுகளில் சட்டப்படி செல்லாது. அந்த வாக்கியத்தை அவர் எப்போது, யார் முன்னால் சொன்னார் என்று குறித்து வையுங்கள். எச்.ஆருக்கு எழுத்தில் கேளுங்கள்: "நான் பணியில் இருந்த மாதங்களின் இலக்கு எது, அதில் எது எட்டப்படவில்லை?" பதில் எழுத்தில் வரட்டும். தேவைப்பட்டால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் அந்தக் காகிதத்தோடு போகலாம்.

என்னை பி.ஐ.பி.யில் (பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான்) போட்டுவிட்டார்கள்.

திருந்த வாய்ப்பு என்றுதான் அதற்குப் பெயர். சில இடங்களில் உண்மையிலேயே அப்படித்தான். பல இடங்களில் கதவைத் திறந்துவைத்துவிட்டு எழுதும் காகிதம். எது என்று சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். அளக்கக்கூடிய இலக்கும், வாராவாரம் உட்கார்ந்து பேசும் மேனேஜரும் இருந்தால் நம்பி உழையுங்கள். இலக்கு மங்கலாக, மேனேஜர் கண்ணில் படாமல் இருந்தால் ரெஸ்யூமேயைத் தூசி தட்டுங்கள். எதுவானாலும் இரண்டையும் ஒரே வாரத்தில் ஆரம்பிப்பது நல்லது.

வேறு கம்பெனி ஆஃபரைக் காட்டினால் ஏற்றித் தருவார்களா?

தருவார்கள், பல நேரம் உடனே. மூன்று வருடம் இல்லாத பட்ஜெட் மூன்று நாளில் முளைக்கும். அதைப் பார்க்கும்போதுதான் கோபம் அதிகமாக வரும். ஆனால் போகத் தயாராக இல்லாமல் இந்தச் சீட்டைப் போடாதீர்கள். "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும். பணம் மட்டுமே பிரச்சினையாக இருந்து, மேனேஜரும் நல்லவராக இருந்தால் கவுன்டர் ஆஃபரில் தங்கி நன்றாக இருப்பவர்களும் உண்டு. அந்த மேனேஜர்தான் பிரச்சினை என்றால் ஏறிய சம்பளத்தோடு அதே மேனேஜர்.

இனி வாங்குகிற சம்பளத்துக்கு அளவாக வேலை. சரிதானே?

மனித இயல்பு. ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1963-லேயே இதை விளக்கிவிட்டார். நாம் போடுவதையும் பெறுவதையும் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுகிறோம். தராசு சாய்ந்தால், முதலில் குறைவது நாம் போடுவது. சோம்பேறித்தனம் என்று நிர்வாகம் இதற்குப் பெயர் வைக்கும்.

என்னால் கொடுக்க முடிந்த ஒரே எச்சரிக்கை: கூடுதல் மணி நேரத்தைக் குறையுங்கள், வார இறுதி லாக்-இன்னை நிறுத்துங்கள், ஆனால் வெளியே போய்ச் சொல்லிக்கொள்ளக்கூடிய வேலையை மட்டும் குறைக்காதீர்கள். அது கம்பெனிக்கு நீங்கள் செய்யும் உபகாரம் இல்லை, உங்கள் அடுத்த இன்டர்வியூவுக்கான சரக்கு. நான் ஒரு வருடம் வீம்புக்குச் சும்மா இருந்தேன். அடுத்த வருடம் ரெஸ்யூமேயில் அந்த வருடத்துக்கு எழுத ஒரு வரி கிடைக்கவில்லை.

ஒருவேளை நான் நிஜமாகவே சுமார்தானோ?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சுமார் இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது, ரேட்டிங் இதற்குப் பதில் சொல்லாது. உங்கள் வேலையை நெருக்கமாகப் பார்க்கும், உங்கள் சம்பளத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு பேரிடம் கேளுங்கள். "நல்லா பண்றேனா?" என்று கேட்டால் நல்லா என்பார்கள். "என் வேலையில உனக்கு எது எரிச்சலா இருக்கு?" என்று கேளுங்கள். இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதைத் திருத்த வேண்டியதுதான். அப்புறம், சிக்கல் வந்தால் டீமில் யார் இருக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள்.

நானே டீம் லீட் ஆகிவிட்டேன். இந்த வருடம் நான்தான் ரேட்டிங் போட வேண்டும். என்ன செய்ய?

ஆளுக்கு ஒரு வரியை, எண்ணோடு, மனப்பாடம் செய்துகொண்டு அந்த அறைக்குள் போங்கள். ஷீட்டில் கடைசியில் இருப்பவர்களைப் பற்றி முதலில் பேச வேண்டும் என்று கேளுங்கள், மதியத்துக்குள் எல்லோரும் களைத்துவிடுவார்கள். இறங்கிய எண்ணோடு திரும்பி வந்தால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "நான் 4 போட்டேன், அங்கே இறங்கிவிட்டது, என்னால் நிறுத்த முடியவில்லை."

நான் அப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்ன அந்தப் பெண்ணிடம் 3 என்று சொன்னதும், "எதுல குறைஞ்சேன் சார்?" என்று கேட்டார். குறை எதுவும் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எண்ணுக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, அந்த நிமிடம் வாயில் வந்ததைச் சொன்னேன்: "பிரசன்டேஷன் ஸ்கில்ஸ் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணணும்." குறித்துக்கொண்டார். அவர் வேலையில் பிரசன்டேஷனே கிடையாது. அடுத்த வருடம் செல்ஃப் அப்ரைசலோடு ஒரு சான்றிதழை இணைத்திருந்தார். பிரசன்டேஷன் பயிற்சி, பதினாறு வாரம், சனிக்கிழமைகளில், சொந்தக் காசில்.